புதுக் கம்ப்யூட்டருக்கு ஒத்துக்கவில்லை

தேவசகாயம் மகள் கல்யாணத்துக்காக வீட்டிலேயே ஒரு பாட்டைப் பதிவு செய்துகொண்டிருந்தார். பல்லவி முடிந்ததும், "இது ரொம்ப மெதுவா ஓடுது" என்று பழைய கம்ப்யூட்டரைப் பரணில் ஏற்றிவிட்டு, வேறு ரகத்தில் ஒரு புதுசு வாங்கி வந்தார்.

புதுக் கம்ப்யூட்டர் துரை, மேசையில் ஏறியதுமே மைக்கைப் பார்த்து முகம் சுளித்தது. "இது எனக்கு ஒத்துக்காது."

"ஐயா இருமினாலே இசையாக்கிக் கொடுத்தவன் நான்!" என்றது மைக்.

"இருக்கட்டும். உன் வயர் எனக்குள்ளே நுழையாது."

மைக் பரணுக்குப் போனது. அடுத்து கீபோர்டு ஒத்துக்கவில்லை. அப்புறம் ஸ்பீக்கர். ஒவ்வொன்றும் மேலே போக, கீழே புதுசு வந்தது. பைக்கை விற்றுவிட்டு தேவசகாயம் நடக்க ஆரம்பித்தார்.

"சரி, என் பல்லவியைப் போடு" என்றார் கடைசியில்.

"பழைய பாட்டும் எனக்கு ஒத்துக்காது. முதலிலிருந்து பாடுங்கள்."

தேவசகாயம் தொண்டையைச் செருமினார். அதற்குள் பரணிலிருந்து அதே பல்லவி கேட்டது. பின்னாலேயே, அவர் இன்னும் பாடாத சரணமும் வந்தது. மேலே போனவை எல்லாம் பழைய கம்ப்யூட்டரோடு சேர்ந்து பாட்டை முடித்துவிட்டிருந்தன.

தேவசகாயம் அண்ணாந்து கத்தினார்: "யாருப்பா மேலே? சத்தம் போடாதீங்க, இங்கே ரெக்கார்டிங் நடக்கப்போகுது!"