வெள்ளிக்கிழமைக்கு ஒதுக்கிய அழுகை

காட்டுப் பள்ளிக்கூடத்துக்கு அந்த வருடம் ‘ஆறுதல்’ என்று ஒரு புதுப் பாடம் வந்தது. கால அட்டவணையில் அதற்கு இடமே இல்லை. நாரை டீச்சர் யோசித்து யோசித்து, வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பில் அதைச் செருகினார்.

செவ்வாய்க்கிழமை கழித்தல் கணக்கு நடந்தபோது அணில் விம்மி விம்மி அழுதது. அதன் உயிர்த்தோழி மைனா அன்று காலைதான் வேறு காட்டுக்குக் குடிபோயிருந்தது.

“அழுகையெல்லாம் வெள்ளிக்கிழமைதான். அதுவரைக்கும் அடக்கி வை,” என்றார் டீச்சர்.

அணில் கன்னத்தை உப்பிக்கொண்டு அடக்கிப் பார்த்தது, முடியவில்லை. பக்கத்தில் இருந்த முயல் பென்சிலைக் கீழே வைத்தது. தன் நீளக் காதால் அணிலின் முகத்தை மூடி, வகுப்பு முடியும்வரை ஒட்டி உட்கார்ந்திருந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. ஆறுதல் சொல்லும் முறைகளைப் பலகை நிறைய எழுதிவிட்டு, “அணிலே, இப்போ அழு,” என்றார் டீச்சர்.

“வரலையே டீச்சர். முயல் அன்னைக்கே சரிபண்ணிடுச்சு.”

டீச்சர் முயலைப் பார்த்தார். “அது கணக்கு வகுப்பாச்சே?”

“அப்பத்தானே டீச்சர் அதுக்கு அழுகை வந்துச்சு?”

நாரை டீச்சர் கொஞ்ச நேரம் ஒற்றைக் காலில் நின்றார். பிறகு பலகையை அழித்தார். “சரி, விட்டுப்போன கழித்தலை இப்போ போடுவோம்.”

“எனக்குக் கழித்தலே வராது டீச்சர்!” என்று கடைசி வரிசையில் கரடிக்குட்டி ஓவென்று அழ ஆரம்பித்தது.

டீச்சர் சாக்பீஸை வைத்துவிட்டுப் போய், நீளக் கால்களை மடக்கி, அதன் பக்கத்தில் உட்கார்ந்தார்.