தலைக்கு மேல் வேலை

பதினொன்றே கால் ஆகியும் என் நாற்காலி காலி.

நாற்காலி கடைக்குள் இல்லை. நட்டநடுச் சாலையில்! வண்டிகளை மறித்துவிட்டு, நகராட்சி தார் மேல் வெள்ளைக் கட்டம் போட்டு, எங்கள் தெருவின் சின்னக் கடைகளுக்கு ஆளுக்கொன்று கொடுத்திருந்தது. என்னுடையது ஏழாம் கட்டம்.

கூடவே ஒரு பெரிய குடை, நாலு பக்கமும் துணித் தடுப்பு, பின்பக்கம் நுழைய ஒரு திரை. வெளியே நிற்பவர்களுக்கு மேலே என் முகமும் கத்தரியும் தெரியும். கீழே, உட்கார்ந்திருப்பவரின் செருப்பு தெரியும். அவ்வளவுதான்.

நோய்த்தொற்றால் கடையை மூடி, ஐந்து மாதம் கழித்துக் கத்தரியைத் தொட்டிருந்தேன். காலையில் அதற்கு எண்ணெய் விடும்போதே விரல்கள் துறுதுறுவென்றன. யாராவது ஒரு தலையைக் கொடுங்களேன் என்று கத்தலாம் போலிருந்தது.

தையல்காரர் கட்டத்தில் மூன்று பேர். செருப்பு தைப்பவரிடம் இரண்டு பேர். என்னிடம் மட்டும் ஒரு ஈ காக்கைகூட இல்லை.

எதிர்ப்பக்க நடைபாதையில் ஆட்கள் நின்றார்கள். காதை மூடிய முடி, கழுத்தில் இறங்கிய முடி. பார்க்கப் பார்க்க எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது! ஆனால் ஒருவரும் சாலையைத் தாண்டவில்லை. தலையில் கை வைக்கிற தொழில் அல்லவா? வேறு எவனாவது முதலில் உட்காரட்டும் என்று ஒவ்வொருவனும் காத்திருந்தான்.

பன்னிரண்டு மணிக்கு நகராட்சித் தலைவி பார்வையிட வருவார். ஆள் வராத கட்டத்தை அழித்துவிடுவார்கள். அழித்தால் நாளைக்கு நான் கிடங்கில் மூட்டை தூக்கப் போகவேண்டியதுதான். மேஸ்திரியிடம் சொல்லியும் வைத்துவிட்டேன்.

பதினொன்று இருபதுக்கு ஒருவர் விறுவிறுவென்று வந்தார். தடுப்பு வாசலில் சோப்பும் வாளியுமாக நின்ற என் மனைவியிடம் கையை நீட்டிக் கழுவிக்கொண்டு உள்ளே நுழைந்தார்.

சீல் சார்!

சுகாதார ஆய்வாளர். எட்டடிக்கு ஆறடிக் கடையில் இரண்டு பேர் தள்ளி நிற்க முடியாது என்று என் கடைக்கு சீல் வைத்த மகராசன். அன்றைக்கு நான் கெஞ்சியபோது, "தலைக்கு மேல வேலை கிடக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்கு நகர்ந்தவர். நகராட்சித் தொப்பி, முகக்கவசம், இரண்டுக்கும் நடுவில் இரண்டு கண். ஐந்து மாதமாக அந்த இரண்டு கண்களைத்தான் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தேன். சாலையில் கட்டம் போடும் யோசனையை எழுதி மேலே அனுப்பியதே அவர்தான் என்று தையல்காரர் சொன்னபோது, போய்யா என்றேன்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

நான் சீப்பும் கையுமாக நின்றேன்.

எதிரே மாட்டியிருந்த கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். "அவசரமே இல்லண்ணே. சாவகாசமா வெட்டுங்க."

போர்வையை உதறி அவர் கழுத்தைச் சுற்றிக் கட்டினேன். கத்தரியை எடுத்தேன்.

கிறிச். கிறிச். கிறிச்.

அடடா, அந்தச் சத்தம்! எங்கள் தொழிலில் இரண்டு வெட்டுக்கு நடுவிலும் கத்தரி சும்மா இருக்காது. காற்றில் தாளம் போட்டுக்கொண்டே இருக்கும். ஐந்து மாதம் கழித்துத் தெருவெல்லாம் அது கேட்டது.

"காதுக்கு மேல இன்னும் கொஞ்சம் குறைங்க!" எதிர் நடைபாதைக்கே கேட்கும்படி சொன்னார் சீல் சார்.

"கிருதாவ நேரா விடவா, சாய்ச்சு விடவா சார்?" நானும் தொண்டையைத் திறந்தேன். அப்படிக் கத்திப் பேசியே எவ்வளவு நாளாகிவிட்டது!

தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்தேன். தாடிக்காரர் ஒருவர் சாலையைத் தாண்டிக்கொண்டிருந்தார். வந்து, வரிசைக்காகத் தள்ளித் தள்ளிப் போட்டிருந்த வட்டங்களில் முதல் வட்டத்தில் நின்றார். அவர் பின்னால் இன்னொருவர். அப்புறம் ஒரு அப்பாவும் இரண்டு பிள்ளைகளும். என் கை தானாக வேகம் பிடித்தது. பின்கழுத்து, பிடரி, உச்சி என்று சுற்றிச் சுற்றி வந்தேன். கல்யாண மாப்பிள்ளைக்குக்கூட நான் இவ்வளவு கவனமாக வெட்டியதில்லை.

சரியாகப் பன்னிரண்டுக்கு ஜீப் வந்து நின்றது. தலைவி இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கினார், என் வரிசையைப் பார்த்தார், கையிலிருந்த தாளில் ஏதோ குறித்தார். ஜீப் போய்விட்டது.

பதினோரு பேர்! ஏழாம் கட்டம் தப்பித்தது!

கைக்கண்ணாடியைச் சீல் சாரின் பிடரிக்குப் பின்னால் பிடித்தேன். இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்து, திருப்தியாகத் தலையாட்டினார். தொப்பியை மாட்டிக்கொண்டு எழுந்தார். எனக்கு ஏதாவது சொல்லவேண்டும் போலிருந்தது. கும்பிட்டேன்.

"வரேண்ணே. தலைக்கு மேல வேலை கிடக்கு." போய்விட்டார்.

ஒவ்வொருவர் எழுந்ததும் கூட்டிப் பெருக்கவேண்டும் என்பது நகராட்சி விதி. மனைவி துடைப்பமும் முறமுமாக உள்ளே வந்தாள். குனிந்தாள். நாற்காலியைச் சுற்றி ஒரு தடவை பார்த்தாள். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"என்னங்க, தரையில ஒத்த முடிகூட இல்ல?"

"அவரு தலையிலயும்தான்."

ஒரு கணம் வாயைப் பிளந்தாள். பிறகு தடுப்புக்கு அடியில் வரிசையாகத் தெரிந்த செருப்புகளைப் பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, சரக் சரக்கென்று சத்தம் வர மூலை முடுக்கெல்லாம் கூட்டினாள். முறத்தை இரண்டு கையாலும் பார்த்துப் பார்த்துத் தூக்கிக்கொண்டு, பதினோரு பேர் முன்னால் நடந்துபோய்க் குப்பைத் தொட்டியில் கொட்டிவிட்டு வந்தாள்.