செவ்வாயிலிருந்து புத்தூருக்கு

நகரி மலையடிவாரத்தில் செவ்வாய்க் கிரகம் மாதிரி அமைத்த கூடாரத்துக்குள் நாலு பேர் அறுபது நாள் வாழ்ந்து காட்ட வேண்டும். வெளியே போனால் விண்வெளி உடை கட்டாயம். பூமியிடம் ஒன்று கேட்டால் பதில் வர இருபது நிமிடம் ஆகும் என்பதுகூட விதி.

பத்தாம் நாள் அந்த நால்வரில் ஒருவனான யோகேஷ் வழுக்கி விழுந்தான். மணிக்கட்டு வீங்கிவிட்டது.

"மேடம், புத்தூர் பக்கத்துலதான் இருக்குது. ஒரு கட்டு போட்டுக்கினு வந்துடறேன்."

"செவ்வாய்ல ஏதுப்பா புத்தூர்?" என்றார் கமாண்டர் ஷோபா.

விதி என்றால் அவருக்கு விதிதான். உள்ளே இருக்கும்போதும் விண்வெளி உடையைக் கழற்ற மாட்டார். உப்புமாவைக்கூட அந்த உடையோடு, இடது கையில் ஸ்பூன் பிடித்துத்தான் சாப்பிடுவார்.

மறுநாள் அவர் தனியாகக் கல் பொறுக்கக் கிளம்பியதும், யோகேஷ் விண்வெளி உடையும் ஹெல்மெட்டும் மாட்டிக்கொண்டு ஷேர் ஆட்டோ ஏறினான்.

புத்தூர் எலும்பு வைத்தியர் அவனைப் பார்த்து ஆச்சரியப்படவே இல்லை. முட்டை வெள்ளைக்கரு தடவி, மூங்கில் பட்டை வைத்துக் கட்டினார்.

"அடுத்த வாரம் ரெண்டாங்கட்டுக்கு வந்துடு. அந்தம்மா மாதிரி கரெக்டா வரணும்."

"எந்தம்மா?"

வைத்தியர் திரையை விலக்கினார். உள்ளே இன்னொரு விண்வெளி உடை, வலது கைக் கட்டு காயட்டும் என்று ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருந்தது.

"மேடம், கல்லு கெடைச்சுதா?"

ஷோபாவிடமிருந்து பதில் வர இருபது நிமிடம் ஆனது.