சீட்டு உரித்த குப்பிகள்

மாடி ஆய்வகத்தின் ஜன்னல் வெயில் ரத்தக் குப்பிகள்மேல் சாய்ந்து கிடக்கிறது. எச்.ஐ.வி. என்ன வேகத்தில் பரவுகிறது என்று கணக்குப் போட, கீழே காத்திருக்கும் கர்ப்பிணிகளிடம் எடுத்த ரத்தம். யாருடையது என்று யாருக்குமே தெரியக்கூடாது என்பதால் காலையில் பெயர்ச்சீட்டுகளை உரித்துப் போட்டவள் இந்தப் பரிசோதகிதான். அந்தப் பசை கையுறையில் இன்னும் பிசுபிசுக்கிறது. கையிலுள்ள சோதனைப் பட்டையில் தொற்றுக்கான கோடு எழுந்துவிட்டது. பழைய தொற்றுக்கான கோடு மட்டும் எழவேயில்லை. "புதுசா தொத்தினது ஒண்ணு, சார்," என்கிறாள். "அப்பாடா! புதுசே இல்லாம வேகத்தை எங்கேருந்து போடறதுன்னு மண்டையைப் பிச்சுக்கிட்டிருந்தேன்," என்கிறார் பரவல் கணக்குப் போடும் அதிகாரி, கணினித் திரையிலிருந்து கண்ணெடுக்காமல். வாசலில், படியேறி வந்த கர்ப்பிணி ஒருத்தி இடுப்பில் கையூன்றி மூச்சு வாங்குகிறாள். "அக்கா, ரிசல்ட் எப்பக்கா தருவீங்க?" "இது கணக்குக்கு எடுத்ததும்மா, ரிசல்ட் வராது. பக்கத்து ரூம்ல உனக்குன்னு தனியா ஒரு டெஸ்ட் எடுத்துக்கோயேன்." "எனக்கெதுக்குக்கா அதெல்லாம்? ஏதாச்சும் இருந்தா நீங்களே கூப்பிட்டுச் சொல்லியிருக்க மாட்டீங்களா?" சிரித்துக்கொண்டே படியிறங்குகிறாள். பரிசோதகி கோடு எழுந்த குப்பியைத் திருப்பிப் பார்க்கிறாள்; சீட்டு இருந்த இடத்தில் பசைத் தடம் மட்டும்தான். கை தன்பாட்டுக்கு அடுத்த குப்பியை எடுக்கிறது.