இருட்டுக்கு ஒரு மனு

மொட்டைமாடியில் தொலைநோக்கியோடு நின்ற எசென் துள்ளிக் குதித்தான். எதிரே பொழுது சாய்ந்தாலே பளீரென்று எரியும் விளம்பரப் பலகை, கல்பாக் தொப்பியில் சிரிக்கும் மேயரோடு சட்டென அணைந்துபோனது.

"அய்ஜமால், ஓடி வா! வால்மீன் தெரியுது! இன்னிக்கு விட்டா நம்ம ஆயுசுல வராது!"

மூச்சிரைக்க மாடியேறி வந்த மனைவி குனிந்து பார்த்தாள். "அட, நம்ம வெள்ளைக் குதிரை வால் மாதிரியே இருக்குங்க!"

"விளக்கை அணைக்கச் சொல்லி மனு மேல மனு போட்டப்போ சிரிச்சியே! மேயர் செவி சாய்ச்சுட்டார் பாத்தியா? இனி என் ஓட்டு அவருக்குத்தான்."

குளிரில் விறைத்த கையை வழக்கம்போல அவள் கோட்டுப் பைக்குள் நுழைத்தான். ஏதோ தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தால், பீங்கான் ஃபியூஸ் கட்டை.

இருண்ட பலகையைப் பார்த்தான். மனைவியைப் பார்த்தான்.

"அந்த ஓட்டை எனக்கே போட்டுடுங்க," என்றாள் அவள், வால்மீனிலிருந்து கண்ணை எடுக்காமல்.