ரெண்டடி தூரம்

“மானமுள்ளவன் எவனும் வேணும்னே தோக்க மாட்டான். எமனே எதிர்ல ஆடினாலும் நான் ஜெயிப்பேன்!”

கணக்கு வாத்தியார் இப்படி முழங்கியது, தன் மேலாளரிடம் கோல்ஃபில் வேண்டுமென்றே தோற்றுவிட்டு வந்த மச்சினனிடம்.

அந்த ஆட்டத்தைக் கற்க அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. முதல் வருஷம் புல்தான் பறந்தது. இரண்டாம் வருஷம் பந்து பறந்தது, குளத்துக்கு. மூன்றாம் வருஷமான இப்போதுதான் அது குழிப்பக்கம் எட்டிப் பார்க்கிறது.

இன்று, வாழ்க்கையின் முதல் வெற்றிக்கு ரெண்டடி தூரம்தான் பாக்கி. மச்சினன் வேறு வேடிக்கை பார்க்க வந்திருந்தான்.

“தட்டுங்க சார்,” என்றார் எதிராளி, முகம் இறுகிப்போய். “தோத்தா எனக்கு ரெண்டு நாள் தூக்கம் வராது, கை வெடவெடன்னு நடுங்கும். அதையெல்லாம் நீங்க பாக்காதீங்க.”

வாத்தியார் மட்டையை லேசாகத் திருப்பித் தட்டினார். பந்து குழியை விட்டு ஒரு முழம் தள்ளிப் போய் நின்றது.

“என்ன மாமா, ரெண்டடிதானே!” என்றான் மச்சினன்.

“கண்ணு மங்கலாத் தெரியுதுடா.”

“கவலையே வேண்டாம் சார். நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு அந்தக் கண்புரையை எடுத்துடறேன்,” என்ற எதிராளி, குஷியாகக் கையை நீட்டிக் காட்டினார். “பாருங்க, துளி நடுக்கம் இல்ல!”