மிதிச்சேன், நிக்கல

"மூணு மெக்கானிக் கடையில காட்டியாச்சு. மூணு பேருமே வண்டியில ஒரு குறையும் இல்லைன்னுட்டாங்க," என்றார் ஆர்வோ.

"எல்லாக் கோயில்லயும் மெழுகுவத்தி ஏத்திட்டு, வேலைக்கு ஆகலைன்னதும் கடைசியா இங்க வந்திருக்கீங்களாக்கும்!" என்று சிரித்தாள் நோயெல்லா.

ஆர்வோ சிரிக்கவில்லை. மர ஆலையில் வேலை செய்பவர், அறுபதை நெருங்கியவர். அந்தச் சின்ன நீலக் காரை லாரியில் ஏற்றி, பனிச் சாலையில் இருநூற்றைம்பது கிலோமீட்டர் தாண்டி டிம்மின்ஸ் நகரிலிருந்த அவளுடைய பழுதுபார்க்கும் கடைக்குக் கொண்டுவந்திருந்தார். பிரேக் என்றால் நோயெல்லாவிடம் போ என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

"வண்டி என்ன பண்ணுது?"

"பிரேக்கை மிதிச்சா வண்டி நிக்காம உருண்டுட்டே போகுமாம்."

"போகுமாமா? நீங்க ஓட்டலையா?"

"ஷெல்பி ஓட்டினா. பத்தொன்பது வயசு." ஆர்வோ கையிலிருந்த தொப்பியைப் பார்த்தார். "போன ஜனவரியில, ரோட்டைத் தாண்டின ஒரு பையன் மேல மோதிடுச்சு. அவன் பிழைக்கலை."

நோயெல்லாவின் முகத்தில் சிரிப்பு அணைந்தது.

"போலீஸ் பார்த்துட்டு பிரேக் நல்லாத்தான் இருக்குன்னாங்க. அவ போனை நோண்டிட்டே ஓட்டியிருப்பான்னு ஊரே பேசுது. அடுத்த மாசம் கேஸ். அந்தப் பொண்ணு, எங்க கேட்டாலும், 'மிதிச்சேன், நிக்கல'ன்னு ரெண்டே வார்த்தைதான் சொல்றா. பொய் சொல்றவங்க தடவைக்குத் தடவை எதையாவது சேர்ப்பாங்க. அவ ஒண்ணும் சேர்க்கலை."

பெற்றவரின் தவிப்பு நோயெல்லாவுக்குப் புரிந்தது. அதற்காக வளைந்துகொடுக்க அவளால் முடியாது.

"பார்க்கிறேன். ஆனா இருக்கிறதைத்தான் எழுதிக் கொடுப்பேன். பிரேக் சரியா இருந்தா, சரியா இருக்குன்னுதான் எழுதுவேன்."

"எதுவா இருந்தாலும் எனக்கு உண்மை வேணும்," என்றார் ஆர்வோ.

அன்று முழுவதும் அவள் காருக்கு அடியிலேயே கிடந்தாள். கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தாள். ஒயர்களை ஒவ்வொன்றாகச் சோதித்தாள். சக்கரங்களைக் கழற்றி மாட்டினாள். எல்லாம் சரியாக இருந்தது. நாலு மணிக்கு எழுந்து வந்தவளின் முகத்தைப் பார்த்ததுமே ஆர்வோவுக்குத் தெரிந்துவிட்டது.

"பரவாயில்லம்மா. நீங்க உங்களால ஆனதைப் பார்த்தீங்க." கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"இருங்க. அந்த மூணு கடையிலயும் வண்டியை உள்ள நிறுத்தித்தானே பார்த்தாங்க?"

"ஆமா. இந்தக் குளிர்ல யாரு வெளிய நின்னு பார்ப்பாங்க?"

"போலீஸ்?"

"அவங்களும் ஷெட்லதான்."

"விபத்து எத்தனை மணிக்கு?"

"காலையில ஏழரை. குளிர் மைனஸ் முப்பத்திரண்டு டிகிரி. வீட்டை விட்டுக் கிளம்பி ரெண்டு நிமிஷம்கூட ஆகலை."

நோயெல்லா தன் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "நானும் காலையில இருந்து ஹீட்டர் பக்கத்துல வச்சுக் கொஞ்சிட்டிருக்கேன் பாருங்க! இன்னைக்கு இது வெளிய கிடந்து விறைக்கட்டும். காலையில வாங்க."

காலையில் பனிச்சறுக்கு அரங்கின் பின்னாலிருந்த வெற்று மைதானத்துக்குப் போனார்கள். வழுக்காமல் இருக்கத் தரையில் மணல் தூவியிருந்தது. நோயெல்லா தூரத்தில் ஒரு ஆரஞ்சுக் கூம்பை நட்டுவிட்டு வந்தாள். ஆர்வோவின் மடியில் மடிக்கணினி. நாலு சக்கரங்களின் வேகமும் அதில் நாலு எண்களாக ஓடின.

முதல் தடவை கார் கூம்புக்கு முன்பே நின்றது. இரண்டாவது தடவையும் நின்றது.

மூன்றாவது தடவை பெடல் கடகடவென்று நடுங்கியது. திரையில் இரண்டு எண்கள் சட்டென்று பூஜ்யமாயின. நோயெல்லா முழுப் பலத்தையும் காலில் வைத்து மிதித்தாள். கார் கூம்பைச் சாய்த்துக்கொண்டு உருண்டது.

"சக்கரம் வழுக்கவே இல்லை, உருண்டுட்டேதான் இருந்துச்சு. ஆனா திரையில பூஜ்யம்னு காட்டுது," என்றாள் நோயெல்லா. "பிரேக்கைக் கட்டுப்படுத்த ஒரு மின்னணுப் பெட்டி இருக்கு. சக்கரம் வழுக்குதுன்னு அது தப்பா நினைச்சு பிரேக்கைத் தளர்த்தி விடுது. யார் மிதிச்சாலும் அந்த நேரத்துல நிக்காது."

கடைக்குத் திரும்பியதும் ஒவ்வொரு அசைவையும் வீடியோ எடுத்துக்கொண்டே அந்தப் பெட்டியைக் கழற்றித் திறந்தாள். பூதக்கண்ணாடியை ஆர்வோவிடம் நீட்டினாள். உள்ளே மின்தகட்டில் ஒயரைப் பிடித்திருந்த ஈயப்பற்று ஒன்றைச் சுற்றி முடியளவுக்கு ஒரு விரிசல்.

"குளிர்ல விரியுது, சூட்டுல ஒட்டிக்குது. உள்ள வச்சுப் பார்த்த யாருக்கும் சிக்காது."

ஆர்வோ கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

"அப்போ அவ மிதிச்சிருக்கா."

"மிதிச்சிருக்கா. கோர்ட்டுக்கு நானே வந்து சொல்றேன்."

கிரீஸ் படிந்த அவள் கையை அவர் இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டார். "நல்லா இருக்கணும்மா நீங்க. ஒரு வருஷமா நெஞ்சுல பாறையைச் சுமந்துட்டுத் திரிஞ்சேன். இன்னைக்கு இறக்கி வச்சுட்டீங்க. இந்த உதவியை நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்."

நோயெல்லாவுக்குக் கண் கலங்கியது. "ஷெல்பி கொடுத்து வச்சவ. பொண்ணுக்காக இவ்வளவு அலையுற அப்பா யாருக்குக் கிடைப்பார்?"

ஆர்வோ இல்லை என்று தலையை அசைத்தார்.

"அவளோட அப்பா இந்தக் காரை உடைக்கப் போட இருந்தார். நான்தான் போய்க் கேட்டு வாங்கிட்டு வந்தேன்," என்றார். "அன்னைக்கு ரோட்டைத் தாண்டினது என் பையன்."